ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு?

கொங்குப் பக்கம் கடனுக்கு வட்டி சொல்கிற விதம் ஆளுக்கொரு மாதிரி. தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கினால் "ரெண்டு ரூபாய் வட்டிங்க" என்பார். அடகுக் கடையில் "ஒண்ணரை ரூபாய்". வண்டி பைனான்சில் "பன்னெண்டு பர்சென்ட், பிளாட்". தண்டல்காரர் வட்டி என்ற பேச்சையே எடுக்க மாட்டார், "நாளைக்கு நூறு ரூபாய், நூறு நாள், அவ்வளவுதானுங்க" என்று முடித்துவிடுவார். செல்போன் கடையில் ஜீரோ வட்டி, குழுக் கடனில் வாரத்துக்கு இவ்வளவு. திருப்பூரிலோ பள்ளிபாளையத்திலோ ஒரு சாதாரணக் குடும்பத்தில் இதில் மூன்று நான்கு ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எது விலை அதிகம் எது மலிவு என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் ஒன்றை மாதத்தில் சொல்கிறார்கள், இன்னொன்றை நாளில், மற்றொன்றை வருஷத்தில்.

சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டீயைக் குறை, ஓட்டல் சாப்பாட்டை நிறுத்து என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். முதலில் தெரிய வேண்டியது ஒரே ஒரு எண்தான்: இன்னும் பாக்கி நிற்கிற அசலுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி கொடுக்கிறீர்கள்? ஒவ்வொரு கடனுக்கும் இந்த எண்ணைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதிவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

சுலபமானதிலிருந்து வருவோம். ரூபாய்க் கணக்கில் சொல்லும் வட்டி நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு. அதை 12-ஆல் பெருக்கினால் வருஷ வட்டி. ரெண்டு ரூபாய் என்றால் 24 சதவீதம், மூன்று ரூபாய் என்றால் 36, அஞ்சு ரூபாய் வட்டி என்றால் 60. முக்கால் ரூபாய், அதாவது 75 பைசா என்றால் 9 சதவீதம். "ரெண்டு ரூபாய்தானே" என்று காதில் விழும்போது சின்னதாக இருப்பது, 24 என்று எழுதிப் பார்த்தால் அப்படி இருக்காது. நம் ஊரில் ரெண்டு ரூபாய் வட்டியை நியாய வட்டி என்றே சொல்வார்கள், கொடுக்கிறவரும் கெட்டவர் இல்லை, அவசரத்துக்கு ஜாமீன்கூடக் கேட்காமல் கொடுத்திருப்பார். ஆனால் நியாயம் வேறு, விலை வேறு.

அடுத்தது பிளாட். ஆள் ஏமாறுவது அதிகமும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் பிளாட், ரெண்டு வருஷம் என்கிறார்கள். வருஷத்துக்கு 12,000 வீதம் 24,000 வட்டி, அசலோடு சேர்த்து 1,24,000, அதை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,167 ரூபாய். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள், அப்படியானால் பாக்கி குறைந்துகொண்டே வரவேண்டும், வட்டியும் கூடவே குறையவேண்டும் அல்லவா? பிளாட் கணக்கில் குறையாது. முதல் மாதம் ஒரு லட்சம் பாக்கிக்கும் ஆயிரம் ரூபாய் வட்டி, ஒரு வருஷம் போய்ப் பாதி அசல் தீர்ந்த பிறகும் அதே ஆயிரம், கடைசி மாதம் நாலாயிரத்துச் சொச்சம் பாக்கி நிற்கும்போதும் அதே ஆயிரம். பாக்கி அசலை வைத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி 12 இல்லை, 21.6 சதவீதம். ரெண்டு மூணு வருஷக் கடனுக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு: பிளாட் வட்டியை 1.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 10 பிளாட் என்றால் 18, 15 பிளாட் என்றால் 27-க்குக் கிட்டத்தில். வங்கி "9.5" என்று சொல்லும்போது அது குறையும் அசலுக்கான வட்டி, பைனான்ஸ் "10" என்று சொல்லும்போது அது பெரும்பாலும் பிளாட். ரெண்டுக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய.

தண்டலுக்கு வருவோம். பத்தாயிரம் ரூபாய்க்குத் தண்டல் எடுத்தால் ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் வட்டி, அதாவது 11 சதவீதம் போல, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அது வருஷத்துக்கு இல்லை, நூறு நாளுக்கு. அதுவும் மறுநாளிலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள், ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் உங்களிடம் இல்லை. சரியாகக் கணக்கிட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 78 சதவீதம் வருகிறது. இந்த மாதிரித் தண்டல், மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது, இருந்தும் சந்தைக் கடைக்காரர்களுக்கு இது இல்லாமல் பொழுது விடிவதில்லை. காலையில் காய் எடுக்கக் கையில் காசு வேண்டுமே, அதை யார் கொடுப்பார்கள் என்று அவர்கள் கேட்டால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை என்பதும் உண்மைதான்.

கிரெடிட் கார்டு இதற்குத் தம்பி. முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே இல்லை, நல்ல வசதி. கட்டாமல் பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 42, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 50. ஸ்டேட்மெண்டில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதை மட்டும் கட்டினால் லேட் பீஸ் வராது, அவ்வளவுதான். அசல் சொல்லிக்கொள்ளும்படி குறையாது, போதாக்குறைக்குப் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஜீரோ வட்டி இஎம்ஐயில் பிராசசிங் பீஸ் என்று ஒன்று இருக்கும், மொத்தக் காசு கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடியும் போய்விடும். "ரொக்கமாக் கொடுத்தா என்ன விலைங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் ஜீரோவின் விலை தெரிந்துவிடும்.

சீட்டையும் நோட்டில் எழுதவேண்டும். ஏலச்சீட்டில் முன்னாலேயே தள்ளி எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார், தள்ளுகிற, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தொகைதான் வட்டி. பதிவு செய்த சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டு சட்டம் காப்பாற்றும், நடத்துபவரின் கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவில்லாத சீட்டில் காப்பு எல்லாம் நடத்துகிறவரின் நாணயம் மட்டும்தான்.

மொய்யும் கடன்தான், அதைச் சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் வந்த மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் வட்டியில்லாத, ஆனால் எந்த முகூர்த்தத்தில் கேட்பார்கள் என்று தெரியாத பாக்கி. வைகாசியில் ஒரே வாரத்தில் நாலு பத்திரிகை வந்தால் அதற்காகக் கைமாத்து வாங்குகிற வீடுகள் உண்டு.

புதிதாகக் கடன் வாங்கப் போகிறவருக்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுக்கும் முன் அந்தக் கடனின் முக்கிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசசிங் பீஸ், காப்பீடு என்று உங்களிடம் பிடிக்கிற எல்லாவற்றையும் சேர்த்து, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது அதுதான். நாம் இவ்வளவு நேரம் தேடிய எண்ணை அவர்களே போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்கவேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது, ஆகவே தமிழில் கேளுங்கள். தாளைக் காட்டாமல் டேப்லெட்டில் விரலை வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, எல்லாக் கடனையும் எழுதியாயிற்று. உதாரணத்துக்கு: தண்டல் 78, கார்டு 50, புரோநோட்டு 24, வண்டிக் கடன் 21, வங்கி நகைக்கடன் 10, மச்சானிடம் வாங்கிய கைமாத்து பூஜ்யம். எல்லாவற்றுக்கும் கட்டவேண்டிய தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, மேற்கொண்டு கையில் மிச்சமாகிற ஒவ்வொரு ரூபாயையும் பட்டியலில் மேலே இருப்பதற்குக் கட்டவேண்டும். அது தீர்ந்ததும், அதற்குக் கட்டிவந்த தொகை முழுவதையும் அடுத்ததோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு, தப்பில்லை, ஆனால் கணக்குப்படி அது கூடுதல் செலவு. கைமாத்து மட்டும் விதிவிலக்கு. பூஜ்யம் வட்டி என்பதால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு சொல்லும், ஆனால் மச்சான் வீட்டுக்கு நோம்பிக்குப் போய் உட்காரவேண்டியிருக்கிறதே. மாதம் ஆயிரமாவது கொடுத்துவிட்டு, மீதி எப்போது என்று நாமே முந்திச் சொல்லிவிட்டால் உறவு கெடாது.

புரோநோட்டுக் கடனில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதில் மாதாமாதம் வட்டி மட்டும்தான் கொடுக்கிறோம், அசல் அப்படியே நிற்கிறது. ஒரு லட்சத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,000. நாலு வருஷம் ரெண்டு மாதத்தில் ஒரு லட்சமும் வட்டியாகவே போயிருக்கும், அசல் ஒரு லட்சம் இன்னும் பாக்கி. கொடுத்தவர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க ஒப்புக்கொண்டு, குறைந்த அசலுக்கே வட்டி போடுவார் என்றால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். மாதம் 2,000 கொடுத்தால் கடன் என்றைக்கும் தீராது. 3,000 கொடுத்தால் 56 மாதத்தில் தீரும். 5,000 கொடுத்தால் 26 மாதம். முதலில் கூட்டிய ஓர் ஆயிரம் தீராத கடனைத் தீரும் கடனாக்குகிறது, அதற்கு மேல் கூட்டிய ரெண்டாயிரம் முப்பது மாத வட்டியை மிச்சப்படுத்துகிறது. சிக்கனம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அதனால் "அசலை மொத்தமா வந்து கொடுங்க, அவசரமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவரிடம், பத்தாயிரம் பத்தாயிரமாகவாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், கொடுக்கும்போது புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத செக்கிலோ எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம். இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் போடுவதும் கடன்தான், அவர் கட்டாவிட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற மதிப்பெண்ணும், சேர்ந்து இறங்கும்.

தவணையைக் கூட்டக் காசில்லை என்றால், வட்டியைக் குறைக்கும் வழி ஒன்று பெரும்பாலான வீடுகளில் பீரோவுக்குள்ளேயே இருக்கிறது. நகையை லாக்கரில் வைத்துவிட்டு மூன்று ரூபாய் வட்டி கட்டுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருப்பது போல. கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ 10 சதவீதம் போல நகைக்கடன் வாங்கித் தண்டலையும் கார்டையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். ரெண்டு விஷயம் மட்டும் கவனம். ஒன்று, அடைத்த இடத்தில் மறுபடி வாங்கக் கூடாது, வாங்கினால் நகையும் போய்க் கடனும் இரட்டிப்பாகும். ரெண்டாவது, வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போகாமல் மாதாமாதம் ஏதாவது அசலில் கட்டவேண்டும். முழுதும் கட்டிய பிறகு நகையை 7 வேலை நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

நகையைவிடக் கஷ்டமான பேச்சு சைட். ஊருக்கு வெளியே ஒன்றரை சென்ட்டோ மூன்று சென்ட்டோ வாங்கிப் போட்டுவிட்டு, அதன் விலை ஏறும் என்று நம்பிக்கொண்டு 24 சதவீத வட்டி கட்டுகிற வீடுகள் கோயம்புத்தூரைச் சுற்றி எத்தனையோ. வருஷா வருஷம் 24 சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அப்படித் தொடர்ந்து ஏறுகிற நிலம் அபூர்வம். விற்றுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பெரியவர்கள் முகம் சுளித்தாலும் சரி. விவசாயிகளுக்கு விஷயம் வேறு: மஞ்சளோ கரும்போ வெட்டினால்தான் காசு, மாதத் தவணைக் கடன் அவர்களுக்குப் பொருந்தாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அந்தத் தேதியை மட்டும் நாட்காட்டியில் பெரிதாக வட்டம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சிக்கனம். பெரிய பணம் போகிற இடங்கள் நாலைந்துதான்: வாடகை, வண்டி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விசேஷம். டீயில் மாதம் முந்நூறு மிச்சம் பிடித்துவிட்டு, ஒரு காதுகுத்துக்கு மண்டபம் பிடித்து ரெண்டு லட்சம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் நாலாயிரம் வட்டி. வட்டிக்கு வாங்கி விசேஷம் செய்வதைப் போல் வீண் செலவு வேறில்லை, குலதெய்வம் கோயிலில் பங்காளிகளோடு பொங்கல் வைத்து முடிக்கலாம், ஊர் ரெண்டு நாள் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிச் செலவு நம் கையில் இல்லை, ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருக்கலாம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை, கலெக்டர் ஆபீசில் எடுக்கலாம். உடம்புக்கு முடியாமல் போன பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

சனிக்கிழமை கூலி வாங்குகிற பனியன் கம்பெனிக்காரர்களுக்கு மாதச் சம்பளக்காரருக்குச் சொல்கிற பட்ஜெட் ஒத்துவராது. அவர்கள் கடனுக்கான பங்கைச் சனிக்கிழமை சாயங்காலமே, வீட்டுக்குப் போகும் முன்பே தனிக் கணக்கில் போட்டுவிடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்த பிறகு மிச்சம் பார்த்தால் இருக்காது. தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், முழு வருஷம் வேலை செய்தவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதக் கூலி. துணிமணி எடுக்கக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு மீதியை அப்படியே 78 சதவீதக் கடனின் மேல் போட்டால் வருஷத்தில் வேறெந்த நாளிலும் கிடைக்காத வேகம் அன்றைக்குக் கிடைக்கும்.

சின்னச் சின்னதிலும் சிலது உண்டு. மின்கட்டணத்தில் ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலைக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும், அதனால் 490-க்கும் 510-க்கும் பில்லில் இருபது யூனிட்டைவிடப் பெரிய வித்தியாசம் வரும், மீட்டரை ஒரு வாரம் முன்னால் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் அம்மிணிகளுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ் 2021 முதல் இலவசம். காய்க்கு உழவர் சந்தை. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, செட்டாகக் குடித்தனம் நடத்த நம் ஊர் ஆத்தாக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கட்டமுடியாமல் போய்விட்டது என்றால் ஒளியாதீர்கள். வங்கிக்கு நேரில் போய்த் தவணையை நீட்டிக்க எழுதிக் கொடுங்கள். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, குழுக் கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான் கூப்பிடலாம். மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. போனில் உள்ள நம்பர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு மிரட்டுகிற ஆப் கடன் என்றால் 1930-க்கு அடியுங்கள்.

கடன் தீர்ந்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. புரோநோட்டையும் கொடுத்து வைத்த செக்கையும் திருப்பி வாங்கவேண்டும். வங்கியில் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கவேண்டும். வண்டிக் கடன் என்றால் அந்தச் சான்றை வைத்து ஆர்டிஓ ஆபீசில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து பைனான்ஸ் பெயரை நீக்கவேண்டும், இதை விட்டுவிட்டு வண்டி விற்கும்போது அலைகிறவர்கள் ஏராளம். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். தீர்ந்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் அங்கேயே புகார் கொடுக்கலாம், 30 நாளுக்குள் தீர்த்துவைக்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தரவேண்டும்.